மேடை வேண்டாம், ஒரு மேசை போதும்

கேள்வி: நான் சாத்தூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறேன். எங்கள் வட்டாரத்தில் எழுதுகிறவர்களையும் படம் வரைகிறவர்களையும் ஒன்றுசேர்க்கலாம் என்று சில மாதங்களுக்கு முன் ஓர் அமைப்பு தொடங்கினோம். முதல் கூட்டத்துக்கு 22 பேர் வந்தார்கள். நான்காவது கூட்டத்துக்கு ஐந்தே பேர். ஓவியர்கள் மூன்று பேரும் இரண்டாவது கூட்டத்தோடு நின்றுவிட்டார்கள். கடைசிக் கூட்டத்தில் ஒருவர் செயற்கை நுண்ணறிவில் செய்த படங்களோடு தன் புத்தகத்தைக் கொண்டுவர, அதில் வேறு மனக்கசப்பு. சங்கமாகப் பதிவு செய்து, சந்தா வசூலித்து, ஆண்டு விழாவில் ஒரு தொகுப்பு நூல் போட்டால் ஆட்கள் தங்குவார்கள் என்கிறார் எங்கள் தலைவர். சென்னையில் இல்லாமல் இதெல்லாம் நடக்குமா என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. என்ன செய்யலாம்? முதல் கூட்ட அழைப்பிதழையும் என் கதை ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் அழைப்பிதழைத்தான் முதலில் படித்தேன். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை நான்கு பேர், வாழ்த்துரை ஐந்து பேர், சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை, நாட்டுப்பண். இரண்டரை மணி நேரக் கூட்டத்தில் ஒரு கதையை வாசிக்க ஐந்து நிமிடம் இல்லை. ஒரு படத்தை எடுத்து விரித்துப் பார்க்கவும் நேரம் இல்லை. அந்த மூன்று ஓவியர்களும் இரண்டு முறை வந்து கடைசிவரை உட்கார்ந்திருந்ததே பெரிய விஷயம்.

நான் 24 வருடங்களாகக் குழந்தைகள் புத்தகங்களுக்குப் பதிப்பாசிரியராக இருக்கிறேன். என் ஊரில் நண்பர்களோடு சேர்ந்து நடத்திய முதல் குழுவும் இப்படித்தான் கலைந்தது. முதல் நாளே தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்ந்தெடுத்தோம். எட்டாவது மாதம், அழைப்பிதழில் யார் பெயர் மேலே வருவது என்பதில் சண்டை வந்து முடிந்துபோனது. அது முடிந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தக் கூட்டங்களுக்கு ஒரு கல்லூரிப் பெண் ஓர் ஓவிய நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்று மாதம் வந்தாள். கடைசி வரிசையில் உட்காருவாள். “அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டும்மா” என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. நான்காவது மாதம் அவள் வரவில்லை. அந்த நோட்டில் என்ன இருந்தது என்று இன்றுவரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உங்களுக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுத அவளும் ஒரு காரணம்.

சென்னையில் இல்லாமல் நடக்குமா என்று கேட்கிறீர்கள். உங்கள் ஊரிலிருந்து பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கோவில்பட்டி. அதற்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற சின்ன ஊரில் பிறந்த இரண்டு பேர் சாகித்ய அகாதமி விருது பெற்றார்கள்: கு. அழகிரிசாமிக்கு 1970இல், கி. ராஜநாராயணனுக்கு 1991இல். இருவரும் சிறுவயது நண்பர்கள். அதே கரிசல் வட்டாரத்தில் பூமணிக்கு 2014இல், சோ. தர்மனுக்கு 2019இல். கவிஞர் தேவதச்சன் கோவில்பட்டியில் நகைக்கடை நடத்தியவர். உதயசங்கர் ரயில்வே வேலை பார்த்துக்கொண்டே எழுதி, 2023இல் சிறார் இலக்கியத்துக்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்றவர். இவர்கள் தானாக முளைத்தவர்கள் இல்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து, டீக்கடையிலும் தெருமுனையிலும் பேசிப் பேசி வளர்ந்த ஊர் அது.

படம் வரைகிறவர்களுக்கும் அதே ஊர்தான் சாட்சி. நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்த கொண்டையராஜு கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரைச் சுற்றி மாணவர்கள் சேர்ந்தார்கள். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கிய லட்சுமி, சரஸ்வதி, முருகன் காலண்டர் படங்களில் எத்தனையோ அந்தக் கைகளில் பிறந்து சிவகாசியில் அச்சானவை. அந்தப் படங்களின் அடியில் பார்த்தால் பல நேரம் இரண்டு கையெழுத்து இருக்கும். குருவின் பெயர் ஒன்று, மாணவரின் பெயர் ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வேலையைச் சேர்ந்து செய்தார்கள், செய்தவர் பெயரைப் போட்டார்கள். நீங்கள் தேடுகிற அமைப்பு இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே மேடையை எடுத்துவிடுங்கள். ஒரு பெரிய மேசை, சுற்றி எட்டு நாற்காலி. அதற்கு மேல் ஆட்கள் வந்தால் இரண்டாவது மேசை.

இடத்துக்கு உங்கள் ஊர் நூலகத்தைக் கேளுங்கள். நம் கிளை நூலகங்களுக்கு வாராந்திர விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். வாசகர் வட்டம் என்று ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. பல ஊர்களில் அது பெயரளவில்தான் இருக்கிறது. நூலகரிடம் போய், “மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், சத்தம் போட மாட்டோம், வாசகர் வட்டத்தின் பெயரிலேயே நடத்துகிறோம்” என்று சொல்லுங்கள். பெரும்பாலான நூலகர்கள் மகிழ்ச்சியாகச் சம்மதிப்பார்கள், அவர்களுக்கும் அது கணக்கில் காட்ட நல்ல வேலை. தேதியை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள். மூன்றாவது ஞாயிறு என்றால் மூன்றாவது ஞாயிறுதான். இரண்டே பேர் வந்தாலும் அந்த இரண்டு பேரும் உட்கார்ந்து வேலை செய்யட்டும். “இந்த மாதம் பலருக்கு வசதிப்படவில்லை, தள்ளிவைப்போம்” என்று ஒரு முறை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால், அடுத்த மாதம் வரலாமா வேண்டாமா என்று ஒவ்வொருவரும் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

மாலை ஆறு மணிக் கூட்டம் வேண்டாம். மூன்று முதல் ஐந்து வரை வையுங்கள். பெண்கள் வந்துவிட்டு வெளிச்சத்தோடு வீட்டுக்குப் போகலாம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். குழந்தைகள் புத்தகம் செய்கிற இடத்தில் குழந்தைகள் ஓடி விளையாடுவது தொந்தரவே இல்லை.

சரி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து என்ன செய்வது?

ஏ4 தாள் நான்கை எடுத்து நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகுங்கள். 16 பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் கையில் வந்துவிடும். முதல் பக்கம் அட்டை, இரண்டாவது பக்கம் பதிப்பு விவரம், கடைசிப் பக்கம் பின்னட்டை. மூன்றாம் பக்கத்தில் கதை தொடங்கும். அதற்குப் பிறகு விரித்துப் பார்த்தால் இரண்டிரண்டு பக்கமாக ஆறு விரிப்புகள். அவ்வளவுதான் இடம். கதையை இந்த ஆறு விரிப்புக்குள் பிரித்துப் போடுகிற வேலையில் எழுதுகிறவரும் வரைகிறவரும் தோளோடு தோள் உட்கார்ந்தே ஆக வேண்டும். எந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பினால் குழந்தைக்குத் திக்கென்று இருக்கும் என்று இருவரும் சேர்ந்துதான் கண்டுபிடிக்க முடியும். நான் பார்த்தவரையில் இந்த நான்கு தாள்கள் செய்கிற வேலையை நாற்பது வாழ்த்துரைகள் செய்ததில்லை.

எங்கள் இரண்டாவது குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கோழிக் கதை. “பாட்டி கோபமாக வாசலில் நின்றாள். அவள் கையில் விளக்குமாறு இருந்தது. முகம் சிவந்திருந்தது” என்று எழுத்தாளர் எழுதியிருந்தார். வரைந்தவர் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிற ஒரு தம்பி. அவர் பாட்டியின் முகத்தைப் போடவே இல்லை. பக்கத்தின் மேல் ஓரத்தில் சேலைக் கரையும் இரண்டு பாதங்களும் தரையைத் தொடுகிற விளக்குமாற்று நுனியும் மட்டும். கீழே, கட்டிலுக்கு அடியில், கோழியின் கண். கோழி பார்க்கிற உயரத்திலிருந்து வரைந்துவிட்டார். மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் எழுத்தாளர் பேனாவை எடுத்து மூன்று வரியையும் தானே அடித்தார். அந்தப் பக்கத்தில் இப்போது ஒரு சொல்கூட இல்லை. அன்றைக்கு அந்தத் தம்பிக்கு வந்த தெம்பு வேறு எப்படியும் வந்திருக்காது. அவர் ஆறு வருடமாகத் தொடர்ந்து வருகிறார்.

கதையைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்கு எங்களுக்கு இரண்டே விதி. எழுதியவர் தன் கதையைத் தானே வாசிக்கக் கூடாது, இன்னொருவர் வாசிக்க வேண்டும். வாசித்து முடியும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. தானே வாசித்தால் குரலால் ஒப்பேற்றிவிடுவோம். அடுத்தவர் எந்த வரியில் தடுக்குகிறார் என்று கேட்கும்போதுதான் வாக்கியம் எங்கே சரியில்லை என்று தெரியும். பிறகு சுற்றியிருப்பவர்கள் நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று தீர்ப்புச் சொல்லாமல், எந்த இடத்தில் கவனம் போனது, எந்த இடத்தில் புரியவில்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். படத்துக்கும் அப்படியே. “கண்ணு சரியில்ல” என்பதைவிட “இந்தப் பிள்ளை அழுகிறானா சிரிக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை” என்பது வரைந்தவருக்கு உதவும். வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல் பொம்மை மட்டும் போடுகிற பழக்கத்தைக் கொஞ்சம் குறையுங்கள். பாராட்டு இனிக்கும், ஆனால் அதை வைத்துக்கொண்டு அடுத்த வரைவு எழுத முடியாது.

ஓவியர்கள் மூன்று பேர்தான் என்கிறீர்கள். உங்கள் ஊரில் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள், ஓவியர் என்று அவர்களுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். ஃபிளக்ஸ் கடையில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன், கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர், கோயில் சுவருக்கு வண்ணம் எழுதுகிறவர், வாசலில் இருபத்தொரு புள்ளிக் கோலத்தை மனதில் இருந்தே போடுகிற பெண், பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர். ஃபிளக்ஸ் வருவதற்கு முன்னால் கடைப் பலகைகளுக்குக் கையால் எழுத்து எழுதிய அண்ணாச்சி ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். அவருடைய ‘ஞ’வையும் ‘ஹ’வையும் கணினி எழுத்துருக்களில் பார்க்க முடியாது. அவரை நேரில் போய்க் கூப்பிடுங்கள். “கூட்டத்துக்கு வாங்க” என்றால் தனக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பார். “ஒரு குழந்தைப் புத்தகத்துக்குத் தலைப்பு எழுதித் தர வேண்டும் அண்ணாச்சி, பிரஷ்ஷோடு வாங்க” என்றால் வருவார். இவர்களுடைய வேலைக்காலத்தையும் கவனியுங்கள். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஜனம் திரளும்போது ஃபிளக்ஸ் கடைக்காரருக்குத் தூக்கமே இருக்காது. தேர்தல், முகூர்த்த மாதம் எல்லாம் அப்படித்தான். அந்த மாதம் வராதவரை வராதவர் என்று எண்ணாதீர்கள்.

இனி பணம். எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் சேர்ந்த குழுக்கள் உடைவதற்கு நான் கண்ட முதல் காரணம், படத்தை அன்பளிப்பாகக் கேட்பது. “ஒரு அட்டைப்படம் போட்டுக் கொடுங்களேன், உங்களுக்கும் விளம்பரமாச்சு” என்று ஒருவர் கேட்பார். வரைபவர் முகத்துக்காகச் செய்து கொடுத்துவிட்டு அடுத்த மாதம் வர மாட்டார். உங்கள் மூவரில் யாரிடமாவது யாராவது இப்படிக் கேட்டார்களா என்று விசாரியுங்கள். கேட்டிருந்தால் நேரில் போய் வருத்தம் தெரிவியுங்கள். மேசையில் செய்கிற பயிற்சி வேறு, அது இருவருக்கும் பொது. ஆனால் புத்தகமாக விற்பனைக்கு வருகிறது என்றால் பேச்சு பேச்சாக இருக்க வேண்டும். நூலுக்கு உரிமைத்தொகை (ராயல்டி) பத்து சதவீதம் என்றால், படக்கதைப் புத்தகத்தில் ஆளுக்கு ஐந்து என்று பிரிப்பது நியாயம். அட்டையில் இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

ஒரு சட்ட விஷயத்தை உங்கள் குழுவில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் ஆகிவிடுவார். கதைக்கு அப்படி இல்லை. ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்து எழுதியதாக இல்லாதவரை, எழுதியவரிடமே உரிமை நிற்கும். இந்த ஏற்றத்தாழ்வு பல ஓவியர்களுக்குத் தெரியாது. ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் போதும்: மூல ஓவியம் யாருடையது, எந்தப் புத்தகத்துக்கு, எத்தனை வருடத்துக்கு. காலம் குறிப்பிடாமல் உரிமையை எழுதிக்கொடுத்தால் சட்டம் அதை ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்றே ஒதுக்கி, எல்லோரும் சேர்ந்து தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தம் எழுதுங்கள். நட்பு கெட்டுவிடும் என்று தயங்க வேண்டாம்.

பணத்தைப் பற்றிப் பேச வெட்கப்படாத ஓர் அமைப்பு நம்மிடமே இருக்கிறது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் சென்னைக்கு வெளியே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். ஓவியம் மட்டும் விற்றுப் பிழைக்க முடியாது என்று தெரிந்து, பத்திக் (மெழுகு பூசிச் சாயமிடும்) துணி முதலான கைவினைப் பொருட்களைச் சேர்ந்து செய்து விற்றார்கள். நிலம் வாங்க அதுதான் உதவியது. ஏறக்குறைய 60 வருடம் ஆகிறது, அந்தக் கிராமம் இன்னும் இருக்கிறது. உங்களுக்கு நிலம் வேண்டாம். வெள்ளைத்தாளுக்கும் ஜெராக்ஸுக்கும் தேநீருக்கும் உண்டியல் ஒன்று வையுங்கள், முடிந்தவர்கள் போடட்டும். மாதக் கடைசியில் கணக்கை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சேவு வாங்கிவர உங்கள் ஊரில் ஆள் தேட வேண்டியதில்லை.

செயற்கை நுண்ணறிவுப் படம் கொண்டுவந்தவரைப் பற்றி. அவரை ஒதுக்காதீர்கள். கூட இருந்து வரைந்து கொடுக்க ஆள் கிடைக்காமல், அல்லது கேட்கத் தயங்கி அப்படிச் செய்திருப்பார். ஆனால் இந்த மேசைக்கு கையால் வரைந்தது மட்டும் என்று முடிவு செய்யுங்கள், அதை மரியாதையாகச் சொல்லுங்கள். இங்கே கூடுவதே ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் கதையைப் படித்து வரைவதற்காக. ஃபிளக்ஸ் வந்து ஒரு தலைமுறைப் பலகை ஓவியர்களின் கையை நிறுத்தியதைப் பார்த்தவர்கள் நாம். மிஞ்சியிருக்கும் இடத்தில் அவர்கள் மனம் நோகக் கூடாது.

உங்கள் தலைவர் சொல்கிற பதிவு, சந்தா, தொகுப்பு நூல் மூன்றும் தவறானவை அல்ல, இப்போதைக்கு வேண்டாம். சங்கங்கள் நல்ல வேலை செய்திருக்கின்றன. 1950இல் அழ. வள்ளியப்பாவும் நண்பர்களும் தொடங்கிய குழந்தை எழுத்தாளர் சங்கம் இல்லாவிட்டால் நமக்குக் குழந்தை இலக்கியம் என்ற பேச்சே இவ்வளவு வலுவாக இருந்திருக்காது. 2021இல் உருவான தமிழ்நாடு சிறார் எழுத்தாளர்கள் மற்றும் கலைஞர்கள் சங்கம் தன் பெயரிலேயே கலைஞர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. உங்களில் விருப்பமுள்ளவர்கள் அதில் சேரலாம். உள்ளூர்க் குழுவுக்குத் தனிப் பதிவு என்றால் குறைந்தது ஏழு பேர் கையெழுத்து, பொதுக்குழு, ஆண்டுக் கணக்குத் தாக்கல் என்று ஒருவருடைய முழு நேரமும் அதற்கே போய்விடும். பெரும்பாலும் அது உங்கள் நேரமாகத்தான் இருக்கும். இரண்டு வருடம் மேசை ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம்.

தொகுப்பு நூலில் 22 பேரின் கதையும் வரும், 22 பேரும் தத்தம் பக்கத்தை மட்டும் படிப்பார்கள். அதற்குப் பதில், வருடத்தில் நான்கு சின்னப் புத்தகம், கறுப்பு வெள்ளையில், நான்கு தாள் ஜெராக்ஸ், நடுவில் இரண்டு பின். உங்களிடம் ஒரு வகுப்பறை இருக்கிறது டீச்சர், எங்களைப் போன்ற பதிப்பாசிரியர்கள் ஏங்குகிற விஷயம் அது. பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பக்கத்தில் விரல் நிற்கிறது, எந்தப் பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிடுகிறார்கள், எதைப் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டுகிறார்கள். வரைந்தவரையும் ஒரு நாள், தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, வகுப்புக்குக் கூட்டி வாருங்கள். பள்ளிக்கல்வித்துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் உங்கள் பள்ளியில் இருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்திருப்பார்கள். அவற்றை மேசையில் பரப்பி, எந்த நிலைக்கு எத்தனை சொல், எவ்வளவு படம் என்று எண்ணிப் பாருங்கள். நல்ல பாடம் அது.

கடைசியாக உங்கள் கதை. நிப்புப் பட்டறையில் வேலை பார்த்த தாத்தாவும் பேனா பிடிக்கத் தெரியாத பேத்தியும். பேனா நிப்புக்குப் பெயர் வாங்கிய ஊரில் பிறந்தவர்தான் இதை எழுத முடியும். அதன் இரண்டாம் பக்கத்தில், தாத்தாவின் விரல் நுனி எப்படிக் கறுத்திருந்தது, நகம் எப்படித் தேய்ந்திருந்தது, வெளிச்சத்தில் நிப்பை எப்படித் தூக்கிப் பார்ப்பார் என்று பதினோரு வரி எழுதியிருக்கிறீர்கள். அழகான வரிகள். ஆனால் குழந்தைக்கு அவற்றைச் சொல்ல வேண்டாம், காட்டினால் போதும். அந்த மூன்று ஓவியர்களில் ஒருவர் ஃபிளக்ஸ் கடையில் இருப்பவர் என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போங்கள். பதினோரு வரியையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் அந்தத் தாளை அவரிடமே கொடுத்து, “இதில் நான் எதையெல்லாம் அடித்துவிடலாம் என்று நீங்கள்தான் வரைந்து சொல்ல வேண்டும்” என்று கேளுங்கள். அவருக்கு எப்போது முடிகிறதோ அப்போது கொடுக்கட்டும், அவசரப்படுத்த வேண்டாம். படம் வந்ததும் அவரிடம் கேட்டுக்கொண்டு எனக்கும் ஒன்று அனுப்புங்கள். தாத்தாவின் கையைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.